அளவாயிருந்த செருப்பு

நெத்தலிக்குத் தலை கிள்ளும்போது பெருவிரல் நகம் செவுளுக்குக் கீழே சரியான இடத்தில் படவேண்டும். பட்டால் தலையும் குடலும் ஒரே இழுவையில் கறுப்பு நூல்போல வந்துவிடும், படாவிட்டால் வயிறு பிய்ந்து சதை வீணாகும். ஒருநாளும் பிய்க்காத சாந்தரூபி இன்றைக்கு அதற்குள் ஐந்தாறு மீனைப் பிய்த்துவிட்டாள். சுளகில் இன்னும் பாதிக்குமேல் கிடக்கிறது. வாசலில் பலகைக்கட்டை போட்டுக் குந்தியிருந்தாள், பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி, வலது காற்பெருவிரலில் ஏணைக் கயிறு. கிள்ளுவாள், சட்டிக்குள் போடுவாள், காலை ஒருக்கா இழுப்பாள், உள்ளே சேலை ஏணையில் பத்து மாதப் பிள்ளை இங்கேயும் அங்கேயும் ஆடும், திரும்பக் கிள்ளுவாள். ஆள் எண்ணுகிற செக்கிங் நாளில் ஆம்பிளைகளும் வேலைக்குப் போகாமல் அகதி முகாமிலேயே நிற்பார்கள் என்று மீன்காரனுக்கும் தெரியும், அவனும் வண்டியை இந்த லைனுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டான், புருசன் சசிகரன் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு முகாம் தலைவர் வீட்டுப் பக்கம் போய்விட்டான். மூன்று மணிக்கு ஆர்.ஐ. வருவார், ரெவினியூ இன்ஸ்பெக்டர். புது ஆர்.ஐ. இப்போது ஒன்றரை, இல்லை, அதற்கும் கூட இருக்கும், வெயில் படியை விட்டு இறங்கிவிட்டது. மூன்றாவது வீட்டிலிருந்து குரல் வந்தது, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, செங்கல்லுக்கு மேலே இடைவெளி, ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். “என்ர அக்காவின்ர செருப்பைத்தான் அம்மா அவவுக்குக் குடுத்தா. போட்டுப் பாத்தா, சின்னனாயிருந்தது.” அது சுபோதினியின் குரல். பிறகு படம் எடுக்கிற ஜெனியின் குரல், “கட். நல்லாயிருக்கு. ஒருக்காத் திரும்பச் சொல்லு, அவசரப்படாத.” ரூபியின் நகம் மீனின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. சின்னனோ? ஆர் சொன்னது சின்னன் என்று? செருப்பு அளவாயிருந்தது. அளவாயிருந்ததாலேதான் அம்மா அழுதாள், சின்னனாயிருந்தால் அம்மா ஏன் அழப்போகிறாள், இந்தச் சின்ன விசயம்கூடத் தெரியாதவளை ஜெனி பிடித்துக் கேமராவுக்கு முன்னால் இருத்தி வைத்து, என்ர அக்கா, என்ர அம்மா என்று சொல்லச் சொல்கிறாள். என்ர அக்கா. அவளுக்கு எங்கே அக்கா? அவள் தனிப்பிள்ளை. அது ரூபியின் அக்கா, ரூபியின் அம்மா, ரூபி சொன்ன கதை. தலையைக் கிள்ளிச் சட்டிக்குள் போட்டாள், காலை இழுத்தாள், கொஞ்சம் பலமாய் இழுத்துவிட்டாள் போல, உள்ளே பிள்ளை ம்ம் என்றது.

ரூபிதான் வேண்டாமென்றாள், அதையும் மறைக்கக்கூடாது. ஜெனி முதல்முதல் வந்து கேட்டது அவளிடம்தான், இதே வாசலில், இதே கட்டையில் குந்திக்கொண்டு. “எடியேய், இந்தப் படத்தில நீதான் இருக்கோணும். வேற ஆர் சொல்லினாலும் அது கதை, நீ சொன்னால்தான் அது நடந்தது.” எனக்கு வெக்கம், என்றாள் ரூபி. “கேமராவைப் பாராத. என்னைப் பாத்துக்கொண்டு சொல்லு.” உன்னைப் பார்த்தால் இன்னும் வெக்கம், என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டாள். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு வாயில் வருவதைவிட விழுங்குவதே கூட. பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு மேடையில் ஏறி நின்று பாவாடையை நனைத்தவள் என்று இன்னும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள் இந்த முகாமில். அதனால் முகத்தைக் காட்டமாட்டாள், கையை மட்டும்தான் காட்டுவாள். அவளுடைய கையை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், அது அவளுடைய கை என்று தெரியாமலே. ஜெனியின் கதவுப் படத்தில் வருகிற கை அது. முகாமில் பொம்பிளைகளின் குளிக்கிற மறைப்புக்கும் கக்கூசுக்கும் கதவு கிடையாது, ஆள் மாறி ஆள் போவார்கள், ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே சீலைத்துண்டைப் பிடித்தபடி. ஜெனி போனில் அதை மட்டும் எடுத்தாள், உள்ளே இருக்கிறவளை அல்ல, வெளியே துண்டைப் பிடித்திருக்கிற கையை, ஆறு நிமிசம், மழை வருகிறது, கை மாறவில்லை, வெயில் வருகிறது, கை மாறவில்லை. கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் யாரோ போட்டுக் காட்டினார்கள், இரண்டு மாதத்தில் தகரக் கதவு வந்தது, கொண்டியோடு. கொண்டியை முதல்முதல் உள்ளே போட்டுப் பார்த்தவளும் ரூபிதான், ஜெனி வெளியே நின்று, “பூட்டுதா? பூட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், பூட்டுது என்று சொன்னதும் வெளியே ஆட்டம் போட்டாள். “பாத்தியா ரூபி, ஒரு கதவுக்கு ஒரு படம். இன்னும் எத்தினை கதவு கிடக்கு இந்த முகாமில.” அந்தக் கைதான் இப்போது நெத்தலிக் குடல் நாறுகிறது. செதில் ஒட்டி வெள்ளி வெள்ளியாய் மினுங்குகிறது, இதை ஆர் படம் எடுக்கப்போகிறார்கள்.

“சின்னனாயிருந்தது” என்றாள் சுபோதினி மறுபடியும், இந்த முறை மூக்கை உறிஞ்சி ஒரு அழுகையும் சேர்த்து. பார், அழுகிறாள். இல்லாத அக்காவுக்கு அழுகிறாள். ரூபி அழவில்லை அப்போது, ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும். சொந்த அக்கா, மலர் அக்கா, செத்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. இலங்கையிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கிப் பெயர் பதிந்தபோது அப்பா, அம்மா, சாந்தமலர் வயது ஒன்பது, சாந்தரூபி வயது ஐந்து, நாலு பேர் என்று குடும்ப அட்டையில் எழுதினார்கள். நாலாம் மாதம் மலர் அக்காவுக்குக் காய்ச்சல் தலைக்கேறியது, மூன்று நாளில் முடிந்தது. அந்தக் கிழமையே செக்கிங். ஆர்.ஐ. அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்காமலே, “நாலு பேரும் இருக்கீங்களா?” என்று கேட்டார். அப்பா ஓம் என்று தலையாட்டினார். அரிசிக்காகவும் இல்லை, காசுக்காகவும் இல்லை, அவரால் மூன்று என்று சொல்ல முடியவில்லை. அந்த எண் வாயில் வரவில்லை. ஒரு தடவை தலையாட்டினால் பிறகு எப்போதும் தலையாட்டத்தானே வேண்டும், அடுத்த மாதம் போய் மூன்று என்றால், போன மாதம் யாரடா நாலாவது என்று கேட்பார்கள். அப்படியே இரண்டு வருசம் ஒரு செத்த பிள்ளை வீட்டில் இருந்தது, அட்டையில் மட்டும். ஆட்களைக் கணக்குப் பார்க்கிற நாளில் அது காய்ச்சலாய்ப் படுத்திருக்கும், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போயிருக்கும். பிறகு ஒருநாள் ஜெனி வந்தாள். மணல்திட்டில் இறக்கிவிட்ட வள்ளத்தில் சித்தப்பாக்காரனோடு வந்தவள், அவன் பொலிசுக்குப் பயந்து பதியாமலே பிள்ளையை முகாம் வாசலில் விட்டுவிட்டு, சோடா வாங்கிக்கொண்டு வாறன் என்று போனவன், இன்றைக்கும் சோடா வாங்குகிறான். அந்த மாதம் பதிவு நிறுத்தியிருந்த நேரம். பதியாத பிள்ளை எங்கே போகும்? அம்மா ஒன்றும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள், செக்கிங் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். “நாலு பேரும் இருக்கீங்களா?” “இருக்கிறம் சேர்.” அன்றைக்குத்தான் முதல்முதல் அது பொய் இல்லாமல் இருந்தது, நாலு தலை, எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் சுற்றி வைத்திருந்த மலர் அக்காவின் செருப்பை எடுத்துக் கொடுத்தாள் அம்மா, சிவப்புப் பட்டி, ஒரு பூ ஒட்டினது. ஜெனி காலைப் போட்டாள். அளவு. இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா அப்படியே தரையில் இருந்து அழுதாள், அப்பா எழும்பி வெளியே போய்விட்டார், ஜெனி பயந்துபோய்ச் செருப்பைக் கழற்றி நீட்டினாள், “வேண்டாமெண்டால் தாறன் மாமி.” இதுதான் கதை. இதைச் சின்னனாயிருந்தது என்று சொன்னால் கதையே இல்லை. எழும்பிப் போய்ச் சொல்லலாம், அளவு, அளவு என்று சொல்லு, என்று. மீன் கையோடு போய் நின்றால் சுபோதினி மூக்கைப் பொத்துவாள். பல்லெல்லாம் காட்டிச் சிரிப்பாள், “ஐயோ ரூபி, மணக்குதடி” என்பாள், ஜெனியும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சேர்ந்து சிரிக்கிற சிரிப்புத்தான். தனித்தனியாய்ச் சிரித்தால் தாங்கலாம்.

ஒருநாளும் ஜெனியை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அம்மா சொல்லித்தான் பார்த்தாள், ஆக்களுக்கு முன்னால கூப்பிடு பிள்ளை, பழகிக்கொள்ளு, என்று. ரூபிக்கு வாய் வரவில்லை. அக்கா என்றால் மலர் அக்கா, என்று சின்னதில் நினைத்தாள். பெரிசான பிறகு அது காரணமில்லை என்று தெரிந்தது, ஆனால் வேறு என்ன காரணம் என்று தன்னையே கேட்டுப் பார்க்கவில்லை. ஜெனியும் அவளைத் தங்கச்சி என்றதில்லை. எடியேய், ரூபி, ரூபிக்குட்டி, கள்ளி. ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு சீப்பு, பதினாலு வருசம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஜெனியின் பெயர் சாந்தமலர், படத்தில் போடுகிற பெயர் ஜெனிற்றா. ஜெனிற்றா என்ற ஒருத்தி எந்தத் தாளிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை, இலங்கையிலும் இல்லை, பிறந்த சான்றிதழ் கடலோடு போனது. சென்னையில் கதவுப் படத்தைப் பெரிய மண்டபத்தில் போட்டபோது வாசலில் நின்றவன் அடையாள அட்டை கேட்டானாம், காட்டினாளாம், இது டைரக்டர் பேர் இல்லையேம்மா என்றானாம். உள்ளே அவளுடைய படம் ஓடுகிறது, அவள் வெளியே. வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள், “கைதட்டுற சத்தம் மட்டும் கேட்டுதடி, உன்ர கைக்குத்தான் தட்டினவங்கள். நாங்கள் வெளியில நிண்டு கடலை சாப்பிட்டம்.” ரூபியும் சிரித்தாள். பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருக்கும்போது திடீரென்று அந்தச் சொல் நெஞ்சில் மீன்முள்போல நின்றது. நாங்கள். நாங்கள் என்றால் ஆர்? தனியாய் அல்லவா போனாள்? கேட்கவில்லை. கேட்காமலே இரண்டு நாளில் தெரிந்தது, சுபோதினியும் அந்தக் கிழமை ஊரில் இல்லை. புருசன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளை குட்டி இல்லை, கேட்க ஆளில்லை, நினைத்தால் பஸ் ஏறலாம். ரூபிக்கு ஏறமுடியுமா? முலையில் ஒரு பிள்ளை, காலில் ஒரு கயிறு. அந்தக் கடலைப் பொட்டலத்தை அவர்கள் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள், ஒரே பொட்டலமா, இரண்டா, யார் கையில் இருந்தது, யார் கைக்குள் யார் கைவிட்டு எடுத்தது என்று அவள் எத்தனை தரம் யோசித்துப் பார்த்திருக்கிறாள், படம் எடுக்கிறவள் ஜெனி என்று பெயர், படம் ஓடுவது எல்லாம் இவளுடைய தலைக்குள்.

“என்னடி ரூபி, நெத்தலியோட சண்டையோ? ஆரையோ நினைச்சுக்கொண்டு கிள்ளுற மாதிரியெல்லோ கிள்ளுறாய்.” லூர்து அக்கா குடத்தோடு போனாள். தலைவரின் மனைவி, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். ரூபி தலையைத் தூக்காமல் அடுத்த மீனை எடுத்தாள். இவளைக் கண்டாலே அந்த நாள் வருகிறது. பதினைந்து நாளைக்கு முன்னம், குழாயடியில், இதே குடம். “உன்ர அக்கா இப்ப சுபோதினி வீட்டோடயே குடியிருக்கிறா போல? ரெண்டு பேருக்கும் ஒரு கட்டிலாம். என்ன கூத்தோ, அந்தக் காலத்தில இதையெல்லாம் நாங்கள் கேள்விப்பட்டது கிடையாது.” நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு கட்டில் என்ற சொல்லைக் கேட்டதும் ரூபிக்குக் காது அடைத்தது. கட்டில் என்று ஒன்று சுபோதினி வீட்டில் இருப்பதே அவளுக்குத் தெரியாது, ரூபி வீட்டில் பாய்தான். எரிந்தது, வாயைத் திறந்தாள், எப்போதும் விழுங்குகிறவள் அன்றைக்கு விழுங்கவில்லை. “அவ ஆர் எனக்கு? எனக்கு அக்கா எண்டு ஒருத்தி இல்லை. என்ர அக்கா எப்பவோ செத்துப்போனா.” சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், பாதிக் குடம், நிறையக்கூட இல்லை. பதினாறு வருசம் அம்மா பொத்தி வைத்தது, அப்பா சாகும்வரை வாய் திறக்காதது, அம்மா போன வருசம் கண் மூடும்வரை காத்தது, ஒரு பாதிக் குடத்து நேரத்தில் போனது. லூர்து அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றதை ரூபி திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் முதுகால் பார்த்தாள். இப்போது புது ஆர்.ஐ. வந்திருக்கிறார், அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்த முகாமில் பதியாத ஆள் ஒன்று செத்த பெயரில் இருக்கிறது என்று. போன செக்கிங் வரைக்கும் தலையை எண்ணிவிட்டுப் போவார்கள், இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் நின்று, இது யார், இது யார் என்று கேட்கப்போகிறாராம். ஜெனிக்கு அது தெரியும், ஆர் சொன்னது என்று தெரியாது. நேற்று வந்து ஏணைக்குள் குனிந்து பிள்ளையின் காலைக் கடித்து விளையாடிவிட்டு, “கேட்டால் நீ சொல்லுவாய்தானே?” என்றாள். என்ன சொல்லவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கண்டு ரூபிக்கு அழுகை வந்தது, அதோடு கோபமும் வந்தது, நான் சொல்லுவேன் என்று எப்படித் தெரியும் உனக்கு, கட்டிலில் படுத்துக்கொண்டு என்னை நம்புகிறாயா.

சசிகரன் வேறு சொன்னான், காலையில் சவரம் செய்துகொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி. கெட்டவனில்லை அவன், வேறு முகாமிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவன், பெயின்ட் வேலை, விரலெல்லாம் கலர். “இஞ்ச பார் ரூபி, இண்டைக்குத்தான் பிள்ளையின்ர பேரை அட்டையில ஏத்துறாங்கள். கேட்டால் தெரியாது எண்டு சொல்லு. அது ஆரெண்டு அம்மாவுக்குத்தான் தெரியும், அம்மா செத்துப்போனா, முடிஞ்சுது. பொய் பிடிபட்டால் முழு அட்டையும் போயிடும், பிள்ளையும் அவளைப்போல பேரில்லாமல் திரியோணும். அதோட அவள் படத்தில தானே வந்து இருந்து எல்லாத்தையும் சொல்லப்போறாளாம், நான் மலர் இல்லை, எனக்குத் தாள் இல்லை, எனக்கு ஆம்பிளை வேண்டாம் எண்டு. தானே ஊருக்குச் சொல்லப்போறவளுக்காக நீ ஏன் தலையைக் குடுக்கிறாய்?” சரியாய்த்தான் சொல்கிறான். ஒவ்வொரு சொல்லும் சரி. சொல்லத்தான் போகிறாள், ஆனால் அதற்கு வழி பார்த்துவிட்டுத்தான், சென்னையில் ஒரு வக்கீலம்மா பேப்பர் எழுதுகிறாளாம், தாள் இல்லாத இருபத்திரண்டு பேர் இந்த முகாமிலேயே இருக்கிறார்களாம், படத்தைப் போட்டுக் காட்டி எல்லோரையும் ஒன்றாய்ப் பதியக் கேட்பதாம். அதற்கு முதல் இன்றைக்குத் தனியாய் அகப்பட்டால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள். பிறகு படமும் இல்லை, ஜெனியும் இல்லை, அந்த இருபத்திரண்டு பேரும் இல்லை. கட்டிலும் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் ரூபியின் கை நின்றது. கட்டிலும் இல்லை. சுபோதினி தனியாய் இருப்பாள். பல்லைக் காட்டிச் சிரிக்க ஆள் இருக்காது. ஒரு சொல், தெரியாது சேர், அவ்வளவுதான், பொய்கூட இல்லை, யார் அவள் என்று உண்மையிலேயே அவளுக்குத் தெரியாதுதானே. ஒரு மீன் கண் அவளையே பார்த்தது. சீ, என்று கிள்ளித் தூர எறிந்தாள், காகம் ஒன்று இறங்கிக் கொத்திக்கொண்டு போனது. எப்படி இப்படி நினைத்தேன், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற உடம்போடு இருந்துகொண்டு, என்று நினைத்தாள், நினைத்துவிட்டும் அந்த நினைப்பைக் கீழே வைக்க மனமில்லை, கைக்குள் சூடாய் இருந்தது.

ஜெனி அவளிடம்தானே முதலில் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ரூபிக்குப் பதினேழு, ஜெனிக்குப் பத்தொன்பது, அட்டைப்படி இருபத்தொன்று. துணி அலசிக்கொண்டிருந்தார்கள், ஒரு போர்வையை இரண்டு பேரும் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிக்கொண்டு. “எனக்கு ஆம்பிளையளில மனம் போறேல்ல ரூபி. எவ்வளவோ யோசிச்சுப் பாத்திட்டன். போறேல்ல.” ரூபி போர்வையை முறுக்கினாள், தண்ணீர் கொட்டியது. “விசர்” என்றாள், சிரித்தாள். ஏன் சிரித்தாள்? பிறகு எங்கே போகுது மனம் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஜெனி ஏதோ ஒன்று சொல்லியிருப்பாள், ஒரு பெயர், அல்லது பெயர் சொல்லாமல் பார்த்திருப்பாள், பார்த்துக்கொண்டுதான் நின்றாள், போர்வையின் அந்த முனையில் நின்று பார்த்துக்கொண்டே நின்றாள், ரூபிதான் குனிந்துவிட்டாள், வெக்கம், எப்போதும் இந்த வெக்கம். நாலு வருசத்தில் சசிகரனுக்குக் கழுத்தை நீட்டினாள். கலியாணத்தன்று ஜெனிதான் பூ வைத்துவிட்டாள், கை நடுங்கவில்லை, ஒரு ஊசிகூடத் தலையில் குத்தவில்லை, அவ்வளவு கவனமாய் வைத்தாள். பிறகு நடுவில் மறைப்பாய்ச் சாக்கைத் தொங்கவிட்டு அந்தப் பக்கம் படுத்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னம் கம்ப்யூட்டர் வைக்கப் பிளக் பொயின்ட் காணாது என்று சொல்லிச் சுபோதினி வீட்டுக்குப் போனாள். பிளக் பொயின்ட். அவள் போன பிறகு அந்தப் பக்கத்துச் சுவரில் ரூபி எண்ணிப் பார்த்தாள், இரண்டு இருந்தது. பழைய செருப்பு ஒரு சோடியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள், ஒரு பக்கம் தேய்ந்தது, எறிய வேண்டும் என்று தினமும் நினைக்கிறாள், கூட்டும்போது தூக்கி, கூட்டிவிட்டு அதே இடத்தில் வைக்கிறாள்.

“வந்திட்டார், வந்திட்டார்” என்று லைன் முனையில் சத்தம். ஜீப் கதவு அடிக்கிறது. மூன்று ஆகவில்லையே இன்னும். எல்லா வீட்டிலும் சட்டி பானை சத்தம் நின்று, அட்டை தேடுகிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம். சுளகில் ஒரு பிடி மீன்தான் மிச்சம், ரூபி வேகமாய்க் கிள்ளினாள், எழும்பவேண்டாம், கிள்ளிக்கொண்டே இருந்தால் நேரம் நிற்கும்போல. மூன்றாவது வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு ஆம்பிளைக் குரல், இந்த ஊர்த் தமிழ், அதட்டலில்லாமல் மெதுவாய், மெதுவாய்க் கேட்பதுதான் பயம். “சாந்தமலருங்கறது யாரு? நீங்கதானா? அட்டை ஏழாம் நம்பர் வீட்டுல இருக்கு, நீங்க இங்க இருக்கீங்க. உங்க கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? அவங்களைக் கூப்பிடுங்க, அவங்க வந்து சொல்லட்டும்.” தலைவர் ஏதோ முணுமுணுத்தார். லூர்து அக்கா குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. சொல்லவேண்டியது என்ன, ஒரே ஒரு சொல், தெரியாது, நாலு எழுத்து. மற்றதும் ஒரே சொல்தான், மூன்றெழுத்து, சின்னப்பிள்ளைகூடச் சொல்லும், தன் பிள்ளை நாளைக்கு அவளைப் பெரியம்மா என்று கூப்பிடும். அதைச் சொன்னால் சொன்னதுதான். அரசாங்கத்துக்கு முன்னால், ஊருக்கு முன்னால் அக்கா என்றால் பிறகு ஒருநாளும், தொட்டிக்குப் பின்னால் போய் நின்று, அன்றைக்கு நான் ஏன் சிரித்தேன் தெரியுமா என்று கேட்க முடியாது. போர்வையின் அந்த முனையும் இந்த முனையும் அன்றோடு முடிந்தது. சுபோதினிக்கு மட்டும் அவள் வேறு யாரோ, எனக்கு மட்டும் அக்கா, இது என்ன நியாயம், இதை நான் ஏன் என் வாயாலேயே கொடுக்கவேண்டும், அவள் என்ன கேட்டாள், கேட்டால் நீ சொல்லுவாய்தானே என்றாள், அவளாவது என்னை ஒருநாள் வாய்திறந்து...

“தங்கச்சி!”

ஜெனியின் குரல். பதினேழு வருசத்தில் அந்த வாயிலிருந்து வராத சொல், லைன் முழுக்கக் கேட்கிறாற்போல, கொஞ்சம் உடைந்து, தடுக்கி. “தங்கச்சி, ஒருக்கா வா. சேர் கேக்கிறார்.” அவளும் கொடுத்துவிட்டாள். முதலில் அவள்தான் கொடுத்தாள், அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ரூபிக்குத் தெரிந்தது, நெத்தலியின் நூல் வருவதுபோல ஒரே இழுவையில் தெரிந்தது, போர்வையின் அந்த முனையில் நின்று பார்த்தது யாரை என்றும் தெரிந்தது. கடைசி மீன் கையிலேயே இருந்தது. எழும்பினாள், கயிறு காலை இழுத்தது, ஏணை குலுங்கிப் பிள்ளை விழித்து வீரிட்டது, கயிற்றை உருவினாள், உள்ளே ஓடி நாறுகிற கையோடே பிள்ளையை வாரி இடுப்பில் வைத்தாள். “வாறன் அக்கா!” வெக்கம் எங்கே போனது, மேடையில் வராத குரல், அவளுக்கே அது யாருடையதோபோல இருந்தது. “வாறன் அக்கா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாறன்!” சேரிடம் என்ன சொல்வது என்று தெரியும், மலர் அக்காவின் காலுக்கு அளவாய் வாங்கின சிவப்புச் செருப்பு, அது இவவுக்கு அளவு சேர், இவவின்ர காலுக்குத்தான் அளவு, சின்னனில்லை, சுபோதினி பிழையாய்ச் சொல்கிறாள், அந்தக் கதை எனக்குத்தான் தெரியும், நான்தான் சொல்வேன், கேமராவைத் திருப்பச் சொல்லுங்கள் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டே வாசலில் காலால் தடவினாள், தன் செருப்பு அகப்படவில்லை, அகப்பட்டது ஜெனியின் தேய்ந்த சோடி, கால் அதற்குள் போய்விட்டது, பெரிசுதான், குதிக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் கிடக்கிறது, பரவாயில்லை, இழுத்து இழுத்து நடந்தாலும் மூன்றாவது வீடுதானே.